ஐலாவின் டப்பாவில் கிடந்த முனைகள்

வாபிக் ஊரில் எந்த அம்புமுனை நல்லது என்று கேட்டால் முப்பத்தோரு பேர் முப்பத்தோரு பதில் சொல்வார்கள். எங்கள் மரவில் சங்கத்தில் உறுப்பினர்கள் அவ்வளவு பேர்தான். கப்பி வைத்த வில்லைத் தொட மாட்டோம், துப்பாக்கிக்காரர்களோடு அவர்கள் வேட்டைப் பருவமான நவம்பர் மாதம் முழுக்கப் பேச மாட்டோம், மற்றபடி சாதுவான ஆட்கள். அம்புமுனை பற்றி அபிப்பிராயமே சொல்லாத ஒரே ஆள் ஐலா கார்ப்பி. அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஐலா என்னோடு பள்ளியில் படித்தவள். படிப்பு முடிந்ததும் கடைத்தெருவிலிருந்த மளிகைக்கடையின் கறிப் பகுதியில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனாள். ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் வெட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் கைக்கு வந்த கத்தி இருபத்தாறு வருஷம் அங்கேயே இருந்தது. பிறகு கடையை மூடிவிட்டார்கள். அதே குளிர்காலத்தில் அவள் கணவன் லெஸ், இந்தப் பனி இனிமேல் உடம்புக்கு ஆகாது என்று அரிசோனாவுக்குக் கிளம்பினான். நீயும் வா என்று கூப்பிட்டான். "நவம்பர் முடியட்டும்" என்றாள் ஐலா. அதற்குப் பிறகு பதினொரு நவம்பர் முடிந்துவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. ஞாயிறு தவறாமல் போனில் ஹாக்கி பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் கொட்டகையை அவள் கறிக்கூடமாக மாற்றிக்கொண்டாள். ஒரு மேஜை, ஒரு மின்ரம்பம், ஒரு குளிரறை. அக்டோபர் பிறந்தால் நாங்கள் அடிக்கிற மான்கள் எல்லாம் அங்கேதான் வரும். தோலை உரித்து, முன்னங்கால் சப்பையையும் தொடையையும் பிரித்து, மிச்சத்தை அரைத்து மிளகும் ஜாதிக்காயும் போட்டு சாசேஜ் பண்ணித் தருவாள். வில்லை அவள் கையால்கூடத் தொட்டதில்லை. நாங்கள் கறி வாங்க வரும்போதெல்லாம் வாசலில் நின்று அம்புமுனை பேசுவோம். கூரையில் மழை பெய்வதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு அவள் எலும்பு அறுப்பாள்.

மானோடு சேர்ந்து வேறு சாமான்களும் அவளிடம் வரும். நசுங்கிய குண்டு, ஈயத் துணுக்கு, எப்போதோ யாரோ விட்டு உள்ளேயே தங்கிப்போன அம்புமுனை. ஒரு முனை ரம்பத்தின் பட்டையை அறுத்துப்போட்டது. ஒரு குண்டின் தகடு கட்டைவிரலைக் கிழித்து ஐந்து தையல். அதற்குப் பிறகு அவள் விரலால் தடவிப் பார்த்துத்தான் கத்தி வைப்பாள். கிடைத்ததையெல்லாம் கழுவி, ஒரு காப்பித்தூள் டப்பாவில் போட்டு வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகித நாடா: தேதி, இடது சப்பை, முதுகெலும்பு ஓரம், ஆறிய காயம். ஆராய்ச்சி ஒன்றுமில்லை. ரம்பத்தைக் கெடுத்தவனைக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆறிய காயத்துக்குச் சொந்தக்காரன் எங்கே கிடைக்கிறான்? கேட்டுப் பார்த்தாள். எங்கள் சங்கத்தில் யாருக்கும் அம்பு தவறியதே கிடையாது.

சங்கத்தின் தலைவன் மெர்ல் சவேலா. எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். இரண்டு அலகு, அதாவது இரண்டு வெட்டுத்தகடு, வைத்த கனமான முனைதான் முனை என்பது அவன் கட்சி. அதையும் உளியைப்போல ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் எலும்பில் பட்டால் திருகிக்கொண்டு பிளக்குமாம். ஜீன் பெருட்டி மூன்று அலகுக் கட்சி. துவாரம் பெரிதாக இருந்தால்தான் ரத்தம் நன்றாக வடியும், மானைத் தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம் என்பான். இருவரும் இருபது வருஷமாக ஒரே மேஜையில் காப்பி குடிக்கிறார்கள், ஒரே விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

புதிதாகச் சேருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள் என்று, மூன்று வருஷத்துக்கு முந்திய ஜனவரியில் ஒரு குழு போட்டோம். கையேட்டில் போட ஒரே ஒரு முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெர்ல், ஜீன், செயலாளர் என்ற முறையில் நான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் என்பதால் பகலில் எனக்கு ஓய்வு உண்டு. ஒட்டுப்பலகையில் விட்டுப் பார்த்தோம். எண்ணெய்ப் பீப்பாயில் விட்டோம். நனைத்த பழைய செய்தித்தாள் கட்டுகளில் விட்டோம். எதிலும் முடிவு வரவில்லை. கடைசியில் நிஜ எலும்பு வேண்டும் என்று ஐலாவிடம் போனோம்.

"ஐலா, சப்பை எலும்பு ஒரு பத்துப் பதினஞ்சு தேறுமா?" என்றான் மெர்ல்.

"எதுக்கு, நாய்க்கா?"

"ஆராய்ச்சிக்கு."

"கறியோட வேணுமா, சுரண்டிக் குடுக்கட்டுமா?"

கறியோடா, சுரண்டியா என்று மெர்லும் ஜீனும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். அவள் பாதிக்குப் பாதி கொடுத்தாள். அவள் கொல்லையிலேயே வைக்கோல் கட்டில் எலும்பை ஆணியடித்து நிறுத்தி அம்பு விட்டோம். மெர்லின் முனை ஒரு சப்பையைச் சரிபாதியாக உடைத்தது.

"பாத்தியாடா! ரெண்டாப் பொளந்துடுச்சு! எழுதுடா, எழுது!" என்று குதித்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்ற ஐலா என் பக்கம் குனிந்து, "மானும் இப்படித்தான் வைக்கோல்ல ஆணியடிச்சு நிக்குமா?" என்று கேட்டாள். அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிவில்லாமலேயே போயிற்று. வசந்தமும் போயிற்று. அக்டோபர் இரண்டாவது வாரத்தில் மெர்ல் எட்டுக் கிளைக் கொம்புள்ள ஒரு கடா மானை அடித்துக்கொண்டு வந்தான். நுரையீரல் இரண்டையும் துளைத்து அம்பு அந்தப் பக்கம் போய்த் தரையில் குத்தி நின்றதாம். ஊர் முழுக்க வண்டியில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ஐலாவிடம் இறக்கினான். இருபத்திரண்டு வருஷத்தில் அம்பு பட்ட மான் ஒன்றைக்கூடத் தப்பவிட்டதில்லை என்று வருஷம்தோறும் விருந்தில் சொல்லுகிறவன் அவன். அது இருபத்துமூன்றாவது வருஷம்.

மறுநாள் என் சாசேஜை வாங்க நான் போனபோது ஐலா வலது சப்பையை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. விரலை விட்டுத் துழாவி, அக்ரூட் கொட்டை அளவுக்கு ஒரு நார்முண்டை வெட்டி எடுத்தாள். பிளந்தால் உள்ளே ஒரு இரண்டலகு முனை, ஒரு அங்குல மரத்தண்டோடு. குழாயில் கழுவினாள். முனையின் கழுத்தில் பொடி எழுத்தில் எம்.எஸ். என்று பொறித்திருந்தது. மெர்ல் தன் முனைகள் எல்லாவற்றிலும் பொறித்து வைப்பான்.

"இது மெர்லோடது" என்றேன்.

"எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும்."

"என்ன பண்ணப்போற?"

"அவன் சாமான். அவன்கிட்ட குடுக்கப்போறேன். வேற என்ன பண்ணுவாங்க?"

கறித்தாளில் மடித்து, நாடா ஒட்டி, "சப்பை, இரும்பு" என்று எழுதி அவன் கறிப்பெட்டியின் மேலாக வைத்தாள். மெர்ல் கறி எடுக்க வந்தபோது நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். அவன் அங்கேயே பிரித்துப் பார்த்திருக்கிறான்.

"இது எங்க கிடந்துச்சு?"

"உன் மானுக்குள்ள."

"நான் விட்ட அம்புதான் வெளிய வந்துடுச்சே. நானே பிடுங்கி எடுத்தேனே."

"இது போன வருஷத்துது, மெர்ல். சுத்தி நார் வளர்ந்து ஆறிப்போயிருக்கு."

மெர்ல் முனையை மறுபடி கறித்தாளில் மடித்தான். "போன வருஷம் ஒண்ணு... விடும்போது அது குனிஞ்சுக்கிச்சு. முதுகுக்கு மேல போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அம்பு கிடைச்சுதா?"

"பாதி கிடைச்சுது."

"பாதிதான் கிடைச்சுது, ஆனா மேல போயிடுச்சா?"

"ஐலா, நான் என்ன சொல்றேன்னா..."

"பெட்டி ரெண்டு இருக்கு. நீ கதவைப் பிடிச்சுக்கோ, நான் தூக்கிட்டு வரேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. இரண்டுமே அவளுக்குத் தோன்றவில்லை. கூடத்தில் இன்னும் ஒன்பது மான்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மெர்ல்தான் அந்த மௌனத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்க் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொண்டு திண்டாடினான்.

பிளந்த விறகு ஒரு வண்டி ஐலா வீட்டுக்கு வந்து இறங்கியது. பனி கொட்டிய ஒவ்வொரு காலையிலும், அவள் எழுந்திருப்பதற்கு முன்பே வாசல்பாதையை மெர்லின் வண்டி வழித்துவிட்டிருந்தது. அவன் மனைவி கையால் பின்னிய கையுறை ஒரு ஜோடி வந்தது. ஐலா இதையெல்லாம் போனில் லெஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள்: "மெர்லுக்கு வயசாகுது போல. நல்ல புத்தி வருது." எனக்கு உண்மை தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் காரணம் எனக்கு.

மார்ச் முதல் ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சங்கத்தின் மதிய விருந்து. ஐலா வழக்கம்போல சாசேஜ் கொண்டுவந்து, இரண்டாவது தட்டை அடுப்பில் வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மெர்ல் மேடையேறி, "இருபத்துமூணு வருஷமா..." என்று ஆரம்பித்தான். சரியாக அந்த நேரத்தில் ஐலா எழுந்து நின்றாள்.

மெர்ல் நிறுத்தினான். முகம் வெளுத்தது. "சரி ஐலா, நீ உக்காரு. நானே சொல்லிடுறேன்."

"சீக்கிரம் சொல்லு, அடுப்புல கருகுது" என்றாள் அவள்.

அவன் சொன்னான். முழுக்கச் சொன்னான். குனிந்த மான், பாதி அம்பு, தேடாமல் திரும்பி வந்தது, இத்தனை நாள் தூக்கம் இல்லாமல் போனது, ஐலாவின் கொட்டகையில் ஒரு டப்பாவே இருப்பது. குரல் உடைந்தது. கடைசியில் சட்டைப்பையிலிருந்து அந்த முனையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "தலைவரா இருக்கிற யோக்கியதை எனக்கு இல்ல" என்றான்.

ஜீன் பெருட்டி எழுந்து மேஜையருகே போனான். முனையைக் கையில் எடுத்தான்.

"மெர்ல், இது எவ்வளவு நாள் உள்ள இருந்துச்சுன்னு சொன்ன?"

"ஒரு வருஷம். ஒரு வருஷம் நாலு நாள்."

"எலும்புலயா?"

"எலும்புலதான்."

"நுனி மடங்கவே இல்லையேடா!"

முனை கைமாறியது. ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். துருவும் இல்லை என்றான் ஒருவன். கோணலும் இல்லை என்றான் இன்னொருவன். மெர்லின் கண் மெதுவாகக் காய்ந்தது. முனை அவன் கைக்குத் திரும்பி வந்ததும் சட்டைக்கையைச் சுருட்டி, முன்கையில் அதை வைத்து ஒரு இழு இழுத்தான். மயிர் சவரம் பண்ணினாற்போல வந்தது. கூடம் கைதட்டியது.

நான் பக்கத்தில் இருந்தேன். அலகில் அரம் போட்ட கோடுகள் புத்தம்புதிதாக மின்னின.

அந்த இடத்திலேயே ஜீன் முன்மொழிந்தான். இருபது வருஷ மூன்றலகுக் கட்சி ஐந்து நிமிஷத்தில் கலைந்தது. மெர்லின் முனையே சங்கத்தின் முனை. அவனே தலைவன். முப்பத்தோரு கை உயர்ந்தது, என்னுடையதையும் சேர்த்து.

ஐலா இதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கருகிய சாசேஜைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன கைதட்டல்?"

சொன்னேன்.

"நான் குடுக்கும்போது அது வெண்ணெயைக்கூட வெட்டியிருக்காது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முனைக்கு ஒண்ணும் ஆகலைன்னு சந்தோஷப்படுறீங்க. அந்த மானுக்கும்தான் ஒண்ணும் ஆகலை. ரெண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு இருந்துச்சு அதுக்கு" என்றாள்.

பிறகு ஆரம்பித்தது ஊர்வலம். டப்பா இருப்பது வெளியே தெரிந்துவிட்டதல்லவா? ஒருவன் வருவதை மற்றவன் பார்க்காதபடி, தனித்தனியாக ஐலா வீட்டுக்கு வந்தார்கள். முதலில் வந்தவன் ஜீன், கையில் ஒரு ஆப்பிள் பையோடு.

"சும்மாதான் வந்தேன். அந்த டப்பாவுல... என்னுது ஏதாவது கிடக்குதா?"

கிடந்தது. இரண்டு. ஜீன் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஆப்பிள் பையை மறந்து திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டான்.

முதல் பத்து நாள் வந்தவர்கள் எல்லாம் பயந்தவர்கள். அதற்குள் மெர்ல் தன் முனையை வார்னிஷ் பூசிய பலகையில் பதித்துக் கணப்புக்கு மேலே மாட்டிவிட்டான், பார்க்க ஆள் போய் வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி.

"எனக்கு ஒண்ணுகூட இல்லையா? நல்லாத் தேடிப் பாரு ஐலா."

"இல்லப்பா."

"எப்படி இல்லாமப் போகும்? நான் எத்தனையோ மானை அம்போட தப்ப விட்டிருக்கேனே!"

அந்த ஆள் தன்னுடையது அல்லாத ஒரு நாலலகு முனையைத் தன்னுடையது என்று சாதித்து வாங்கிக்கொண்டு போனான். மே மாதத்துக்குள் டப்பா காலி. ஊரில் கணப்புகள் நிறைந்தன. ஐலா டப்பாவைக் கழுவி அதில் ஆணி போட்டு வைத்தாள். ஹாக்கி இறுதிப் போட்டிகளில் பாதியைப் பார்க்க விடாமல் கதவைத் தட்டினார்கள் என்பதுதான் அவளுக்கு வருத்தம்.

நானும் போனேன். ஏப்ரலில், பேருந்தை நிறுத்திவிட்டு, ஒரு பகல்வேளையில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் டப்பாவைத் துழாவி ஒரு மூன்றலகு முனையை என் முன்னால் வைத்தாள். அதன் அடியில் சிவப்பு நூல் சுற்றின தண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நாடாவில் நாலு வருஷத்துக்கு முந்திய தேதி.

"உனக்கு இத்தனை நாளாத் தெரியுமா?"

"சிவப்பு நூல் சுத்துறவன் நீ ஒருத்தன்தானே."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

எந்த மானில் கிடந்தது என்று கேட்டேன். நவம்பரில் ஒரு துப்பாக்கிக்காரன் கொண்டுவந்த பெட்டை மானாம்.

"அது கொழுத்திருந்துச்சா?"

ஐலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. எலும்பும் தோலுமா இருந்துச்சு."

அம்பு விட்ட அன்றைக்கு அந்த மானின் ரத்தத்தை நூறு கஜம் தொடர்ந்துவிட்டு, இருட்டப்போகிறது என்று நான் திரும்பிவிட்டேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். அவள் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

காப்பி முடியும்போது, இருபது வருஷத்தில் யாரும் கேட்காததை நான் கேட்டேன். "நீயே சொல்லு ஐலா. எதுதான் நல்ல முனை?"

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லா வேலை செஞ்சது உருவிக்கிட்டு வெளிய போயிடும், என்கிட்ட வராது. இங்க வந்ததெல்லாம் வேலை செய்யாதது. அதுல எல்லாக் கட்சியும் இருக்கு." மிச்சமிருந்த முனைகளை ஒரு கையால் அள்ளி மறு கையில் கொட்டினாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். குண்டு கிழிச்சிருக்கு, எலும்பு கிழிச்சிருக்கு. உங்க முனை ஒண்ணுகூட என் விரலைக் கிழிச்சதில்ல. எத்தனை வருஷமா இருட்டுல துழாவுறேன்!"

அதை அப்படியே கையேட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். மெர்ல் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேட்டையாடாதவங்க அபிப்பிராயத்தைப் போட்டா புதுசா வர்றவங்க குழம்புவாங்க" என்று எடுத்துவிட்டான். அந்தப் பக்கத்தில் அவன் கணப்பின் புகைப்படம் வந்தது.

அந்த செப்டம்பரில் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டார்சி என்ற நர்ஸ் சங்கத்தில் சேர்ந்தாள். தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்டவள். அவள் கையேட்டைப் படிப்பதற்கு முன்னால், கறி வெட்டித் தருவீர்களா என்று விசாரிக்க ஐலாவிடம் போயிருக்கிறாள். போன இடத்தில், எந்த முனை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாள்.

"தீட்டத் தெரியுமா உனக்கு?" என்றாள் ஐலா.

"தெரியுங்க. எங்கப்பா தச்சர்."

"எத்தனை தூரத்துல விடுவே?"

"பன்னெண்டு தப்படி. அதுக்கு மேலன்னா எனக்கு நம்பிக்கை இல்லைங்க."

"அப்ப எதை வேணும்னாலும் வாங்கிக்கோ."

அக்டோபரில் டார்சி பதினெட்டு நாள் மரத்தடியில் உட்கார்ந்தாள். ஆறு மானைத் தூரம் என்று விட்டுவிட்டாள். பத்தொன்பதாம் நாள் ஒரு பெட்டை மான் பத்துத் தப்படியில் வந்து நின்றது. அம்பு போனது அதற்கே தெரியாததுபோல இன்னும் இரண்டு வாய் புல் மேய்ந்துவிட்டுக் கீழே உட்கார்ந்ததாம்.

நவம்பர் கூட்டத்தில் மெர்ல் அவளை எழுந்து நிற்கச் சொன்னான். சங்கம் தேர்ந்தெடுத்த முனைக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று குறிப்பில் எழுதச் சொன்னான். எழுதினேன்.

"நம்ம புது உறுப்பினர் எத்தனையோ முனைங்க இருக்கிறப்ப, சரியா இதைத் தேர்ந்தெடுத்தது எப்படின்னு எல்லாருக்கும் சொல்லணும்" என்றான்.

டார்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். "கடையில அது ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றாள்.

"பாத்தீங்களா!" என்றான் மெர்ல் எங்கள் எல்லோரையும் பார்த்து. "கடைக்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு."